தைவான் கிழக்குக் கரை, 11ஆம் சாலை: ஹுவாலியன் – தைதுங் சைக்கிள் பயணம். எந்தத் திசை, எந்த கியர், எந்த மாசம்?

கடலோரன் | 9 நவம்பர் 2024, காலை 6:40

அடுத்த நவம்பர்ல தைவான் கிழக்குக் கரையில 11ஆம் சாலை ஓட்டலாம்னு இருக்கோம், ரெண்டு பேர். ஹுவாலியன்ல இருந்து தைதுங் வரை சுமார் 175 கி.மீ. சென்னை – பாண்டி ஈசிஆர் 150ஐ ஒரே நாள்ல முடிக்கிறவங்களுக்கு ஒன்றரை நாள் போதும்னு கணக்கு. கடலோரச் சாலைதானே, ஏற்றம் பெருசா இருக்காது. அங்க வண்டி எல்லாம் வலது பக்கம் போறதால, தைதுங்ல ஆரம்பிச்சு வடக்கே போனா கடல் நம்ம கைப்பக்கமே வரும். அதனால அந்தத் திசை. நவம்பர்ங்கிறதால புயல் பயமும் இல்லை.

வண்டி: முன்னாடி பல் 50/34, பின்னாடி பல் 11-28, எட்டு ஸ்பீடு, கேபிள் டிஸ்க் பிரேக், டயர் 32. பானியர் (சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் தொங்குற பை) ரெண்டும் பின்னாடி, மொத்தம் 12 கிலோ. வண்டி 11, நான் 72. சைவம். திட்டத்துல எங்க ஓட்டைன்னு சொல்லுங்க.

கிழக்குமலை | 9 நவம்பர் 2024, காலை 8:15

புயல்ல இருந்து ஆரம்பிக்கிறேன். போன மாசம் 31ஆம் தேதி காங்-ரே புயல் கரையைக் கடந்தது செங்கோங்ல. நீங்க சொல்ற அதே 11ஆம் சாலையில, அதே தைதுங் மாவட்டத்துல இருக்கிற ஊர். இன்னியோட ஒன்பது நாள் ஆச்சு. புயல் அதிகம் வர்றது ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். அக்டோபர் கடைசியில வராதுன்னு யாரும் எழுதிக் கொடுக்கலை. நவம்பர் நல்ல மாசம்தான், ஆனா பயணத்துல ஒரு நாளைக் காலியா விட்டு வைங்க. திரும்பி வர்ற விமானத்துக்கு முந்தின நாள் வரைக்கும் சைக்கிள் ஓட்டுற மாதிரி திட்டம் போடாதீங்க.

அடுத்தது திசை. நம்ம ஊருக்கு மழை கொண்டு வர்ற வடகிழக்குப் பருவக்காற்று காலம்தான் அங்கேயும். அக்டோபர்ல இருந்து மார்ச் வரை அந்தக் கரையில காத்து வடகிழக்குல இருந்து வரும். தைதுங்ல இருந்து வடக்கே போனா முழுத் தூரமும் எதிர்காத்து. கடல் வலது கைப்பக்கம் இருக்கும்ங்கிறது உண்மைதான், சுற்றுலா நிறுவனங்கள் தீவை இடஞ்சுழியா சுத்தச் சொல்றதுக்கு அதுதான் காரணம். ஆனா அதே சுற்றுல மேற்குக் கரையில காத்து முதுகுல தள்ளும். கிழக்குக் கரை மட்டும் ஓட்டுறவங்களுக்கு அந்த லாபம் கிடையாது.

கணக்கு இது: சமதரையில மணிக்கு 20 கி.மீ. போறீங்க, எதிர்காத்தும் 20 அடிக்குதுன்னு வைங்க. காத்து உங்க மேல மோதுற வேகம் 40. அதைத் தள்ளத் தேவையான சக்தி காத்தில்லாத நாளைப் போல நாலு மடங்கு. பானியர் வேற பாய்மரம் மாதிரி நிக்கும். நவம்பர்ல ஹுவாலியன்ல ஆரம்பிச்சு தெற்கே போங்க.

ஃப்ரீவீல் | 9 நவம்பர் 2024, காலை 10:02

கியர் பத்தி நான் சொல்றேன் ப்ரோ.

முன்னாடி 34 பல், பின்னாடி 28 பல், அதாவது 34/28, உங்க கடைசி கியர். 32 டயருக்குச் சக்கரச் சுற்றளவு ஏறக்குறைய 2.155 மீட்டர். நிமிஷத்துக்கு 60 மிதி மிதிச்சாலே வண்டி மணிக்கு 9.4 கி.மீ. போகும். மொத்த எடை 95 கிலோ. 8 சதவீத ஏற்றத்துல அந்த வேகத்துக்கு 210 வாட் வேணும், அதுவும் காத்து இல்லாம. 210 வாட் குடுக்க முடியலைன்னா மிதி 50க்கு, 45க்கு இறங்கும், முட்டி பேச ஆரம்பிக்கும். அதே இடத்துல 34/34 இருந்தா 60 மிதிக்கு 7.8 கி.மீ., சுமார் 173 வாட். சுமையோட ரெண்டாவது நாள், மூணாவது நாள் ஏறுறதுக்கு இந்த 37 வாட் வித்தியாசம் பெரிய விஷயம்.

மாத்தறதுக்கு முன்னாடி பின் டிரெய்லரோட (செயினைப் பல்லுக்குப் பல் மாத்துற கருவி) கூண்டு நீளத்தைப் பாருங்க. அடிப்பக்கம் கோடு அச்சாகியிருக்கும், கடைசியில ஜிஎஸ்னு இருந்தா நீளக் கூண்டு, எஸ்எஸ்னு இருந்தா குட்டை. உங்களுக்குத் தேவைப்படற மொத்தத் திறன் 39 பல்: முன்னாடி 50–34 = 16, பின்னாடி 34–11 = 23. குட்டைக் கூண்டு இதைத் தாங்காது. சின்னதுக்குச் சின்னது போட்டா செயின் தொங்கும், பெருசுக்குப் பெருசு போட்டா இழுத்துப் பிடிச்சு ஹேங்கரையே (டிரெய்லரை ஃபிரேம்ல மாட்டுற துண்டு) வளைச்சிடும்.

கேசட் (பின் பல்சக்கரக் கொத்து) மாத்தினா செயினும் புதுசு. அளவு: டிரெய்லருக்குள்ள விடாம, முன் பெரிய பல், பின் பெரிய பல் ரெண்டையும் சுத்தி செயினைப் பிடிங்க, முனை ரெண்டும் சந்திக்கிற இடத்துல இருந்து ரெண்டு கண்ணி கூட விட்டு வெட்டுங்க. பழைய செயினை அப்படியே போட்டா நீளம் பத்தாது.

தாம்பரம்_தடம் | 9 நவம்பர் 2024, மதியம் 1:30

கடலோரச் சாலைன்னா சமதரைன்னு நினைக்கிறது ஈசிஆர் பழக்கம். கோவளத்துல இருந்து மகாபலிபுரம் வரைக்கும் பாலம் ஏறி இறங்கறதுதான் நமக்கு ஏற்றம். அங்க கடலை ஒட்டியே கரையோர மலைத்தொடர் நிக்குது, அதுல உயரமான சிகரம் 1,682 மீட்டர். மலையில இருந்து சின்னச் சின்ன ஆறா நேரா கடல்ல வந்து விழும். சாலை ஒவ்வொரு ஆத்து வாய்க்கும் இறங்கி, பாலம் தாண்டி, அடுத்த மேட்டுக்கு ஏறும். ஒரு ஏற்றமும் பெருசில்லை, ஆனா தீரவே தீராது.

கடுமையான பகுதி வடக்குலதான். ஷுயிலியன் தாண்டினதும் சாலை கடலை விட்டு மேல ஏறி, பாச்சி காட்சிமேடை வழியா ஜிச்சி கடற்கரைக்கு இறங்குது. ஹுவாலியன்ல கிளம்பினா முதல் நாள் காலையிலேயே, கால் புதுசா இருக்கும்போதே முடிஞ்சிடும். வடக்கே போறவங்களுக்கு அதே பகுதி கடைசி நாள் மதியம், எதிர்காத்தோட வரும். கிழக்குமலை சார் சொன்ன திசைக்கு இது இன்னொரு காரணம்.

கிழக்குமலை | 10 நவம்பர் 2024, காலை 7:05

நாள் கணக்கு விட்டுப் போச்சு. நவம்பர் நடுவுல அங்க சூரியன் மறையறது மாலை 5 மணி தாண்டி சில நிமிஷத்துல. மேற்குப் பக்கம் மலை இருக்கிறதால நிழல் அதுக்கும் முன்னாடியே விழுந்திடும். மாலை 4:30க்கு அறைக்குள்ள இருக்கிற மாதிரி பாருங்க. அப்போ மூணு நாள்:

முதல் நாள் ஹுவாலியன் – ஷிதிபிங் அல்லது ஜிங்பூ, 65ல இருந்து 70 கி.மீ. ஜிங்பூவுல கடகரேகைக்கு வெள்ளைத் தூண் நட்டிருக்காங்க, ஷியுகுலுவான் ஆறு கடல்ல சேர்ற இடமும் அதுக்குப் பக்கம்தான். ரெண்டாம் நாள் செங்கோங் வரை 45 கி.மீ. அளவு, வழியில பாஷியான் குகைகள், சாங்பின், அப்புறம் எட்டு வளைவுப் பாலம் இருக்கிற சான்ஷியான்தாய். மூணாம் நாள் டோங்ஹே, டூலான் வழியா தைதுங், 55 கி.மீ. அளவு.

ரெண்டாம் நாள் தூரம் குறைச்சலா இருக்கேன்னு நீட்டாதீங்க. முதல் நாள் மழையில பாதியிலேயே நிக்க வேண்டி வந்தா, மீதியை அங்கதான் ஈடு கட்டணும்.

கிழக்குமலை | 10 நவம்பர் 2024, இரவு 9:40

இந்த இழையில நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறது இதைத்தான்: 11ஆம் சாலை ஓரமா ரயில் கிடையாது. ரயிலும் 9ஆம் சாலையும் கரையோர மலைக்கு அந்தப் பக்கம், பிளவுப் பள்ளத்தாக்குல போகுது. கடல் பக்கம் சங்கிலி அறுந்தாலோ, புயல் எச்சரிக்கை வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மலையைக் குறுக்கே தாண்டினாத்தான் ரயில். அதனால எந்த இடத்துல தாண்டலாம்னு முன்னாடியே வரைபடத்துல குறிச்சுக்கணும். வடக்கே இருந்து தெற்கே வரிசையா:

ஃபெங்பின்ல இருந்து குவாங்ஃபூ, 11ஆம் சாலையோட கிளை, ஏறக்குறைய 19 கி.மீ. நல்ல சாலை.

ஜிங்பூ பக்கம் ஆத்து வாயில இருந்து ருயிஸுவே, ஷியுகுலுவான் ஆத்தோடவே போற மாவட்டச் சாலை, சுமார் 22 கி.மீ. குறுகல், போக்குவரத்து ரொம்பக் கம்மி. தாண்டுற வழிகள்ல ஏற்றம் குறைச்சலா இருக்கிறது இதுதான், ஏன்னா ஆறே மலையை அறுத்து வழி போட்டிருக்கு. பெருமழைக்குப் பிறகு மண் சரியும்.

சாங்பினுக்குத் தெற்கே இருந்து யூலி, 30ஆம் சாலை. நடுவுல 2.6 கி.மீ.க்கு மேல நீளமான சுரங்கம். தூரம் குறைவுன்னாலும் சைக்கிளுக்கு இதை நான் கடைசியாத்தான் வைப்பேன்.

டோங்ஹேல இருந்து ஃபூலி, 23ஆம் சாலை, சுமார் 45 கி.மீ. அழகான மலைவழி, குரங்கு கூட்டம் உண்டு, சாப்பாட்டுப் பையைக் கண்ணுல காட்டாதீங்க. சரிவால அடிக்கடி மூடற சாலைங்கிறதால அவசரத்துக்கு இதை நம்ப வேண்டாம். டோங்ஹே வரைக்கும் வந்துட்டா நேரா தைதுங் போறதே மேல்.

குவாங்ஃபூ, ருயிஸுவே, யூலி, ஃபூலி நாலு ஊர்லயும் ரயில் நிலையம் இருக்கு.

கடலோரன் | 11 நவம்பர் 2024, காலை 6:10

ரயில் அந்தப் பக்கம்ங்கிறது கவனிக்கவே இல்லை. திசையை மாத்திட்டோம், மூணு நாள். இன்னொண்ணு: தைபேல இருந்தே ஓட்டிட்டு வந்து சூஹுவா சாலையில (சூவாவ் – ஹுவாலியன் மலைச்சாலை) சிங்ஷுயி பாறைச்சுவரைப் பார்த்துட்டு ஹுவாலியன் போனா என்ன?

தாம்பரம்_தடம் | 11 நவம்பர் 2024, காலை 11:20

வேண்டாம். ஒருபக்கம் செங்குத்துப் பாறை, இன்னொருபக்கம் கீழ நேரா பசிபிக், நடுவுல லாரி. 2020 ஜனவரியில முழுசா திறந்த புதுச் சுரங்கப்பாதைகள்ல சைக்கிளுக்கு அனுமதி இல்லை, பழைய சாலை வழியாத்தான் போகணும். சுரங்கம் இல்லாத மீதிப் பகுதியில லாரியும் நாமும் ஒரே குறுகின சாலை. அதோட இந்த வருஷம் ஏப்ரல் 3ல ஹுவாலியன் நிலநடுக்கம், அந்நாட்டு அளவுகோல்ல 7.2. சாலையில ஒரு பாலமே போச்சு, தாரோக்கோ தேசியப் பூங்கா பெரும்பகுதி மூடிக் கிடக்கு. நிலநடுக்கம் ஆட்டி விட்ட சரிவுல அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு மழைக்கும் கல் விழும்.

பாறைச்சுவரைப் பார்க்கணும்னா ஹுவாலியன்ல இருந்து வடக்கே சோங்டே கடற்கரை வரை சுமையில்லாம போயிட்டுத் திரும்புங்க. தைபே பக்கம் இருந்து வர்றதுன்னா சூவாவ் புது நிலையத்துல ரயில் ஏறிடுங்க. தீவைச் சுத்துற உள்ளூர்க்காரங்களும் பெரும்பாலும் அப்படித்தான். சூவாவ் – இலான் பகுதி நவம்பர்ல விடாத மழை வேற. தெற்கே போகப் போக வானம் வெளுக்கும்.

ஃப்ரீவீல் | 11 நவம்பர் 2024, இரவு 10:45

ரயில்ல ஏத்தற விதம். உறைக்குள்ள கட்டின சைக்கிள் கைச்சாமானா போகும், தனிச் சீட்டு வேண்டாம். சக்கரத்தோட அப்படியே தள்ளிட்டுப் போறது குறிப்பிட்ட ரயில்கள்ல மட்டும், அதுக்குத் தனிக் கட்டணம். உறைதான் சுலபம், எல்லா ஊர்லயும் நிக்கிற மெதுவான ரயில்ல ஏறினா இட நெருக்கடியும் இல்லை.

நிலையத்துக்கு வெளியவே கட்டிடுங்க. முதல்ல செயினைப் பின்னாடி பெரிய பல்லுக்குக் கொண்டு வாங்க, அப்போதான் டிரெய்லர் உள்பக்கமா ஒதுங்கும். பானியரைக் கழட்டுங்க. ரெண்டு சக்கரத்தையும் கழட்டி, பின் ஃபோர்க்குக்கு நடுவுல ஆக்ஸில் நீளத்துக்கு ஒரு கட்டை அல்லது டம்மி ஆக்ஸில் சொருகுங்க, இல்லைன்னா ஃபிரேம் அழுந்தும். வண்டியைத் தலைகீழா, சீட்டும் ஹேண்டிலும் தரையில படற மாதிரி நிறுத்தி, சக்கரங்களை ரெண்டு பக்கமும் வெச்சு மூணு இடத்துல பட்டை கட்டுங்க. டிஸ்க் ரோட்டர் (பிரேக் தட்டு) உள்பக்கம் பார்க்கணும். ரோட்டர் வளையறது பெரும்பாலும் ஓட்டும்போது இல்லை, இந்த மாதிரி சாய்ச்சு வைக்கும்போதுதான். உறை மெல்லிசு நைலானா இருந்தா மடிச்சு சீட்டுக்கு அடியில கட்டிக்கலாம், 400 கிராம்தான் வரும்.

தாம்பரம்_தடம் | 14 நவம்பர் 2024, காலை 9:00

வலதுபக்கப் போக்குவரத்து. நேரா போகும்போது அரை மணி நேரத்துல பழகிடும். தப்பு நடக்கிறது மூணு நேரத்துல: காலையில விடுதியை விட்டு வெளிய வரும்போது, கடையில இருந்து சாலைக்கு ஏறும்போது, ஆளில்லாத தெருவுல திரும்பும்போது. கண்ணாடியை ஹேண்டிலோட இடது முனைக்கு மாத்துங்க, முந்துற வண்டி எல்லாம் இடதுபக்கமா வரும்.

இடதுபக்கம் திரும்பணும்னா நடுச்சாலைக்குப் போகக் கூடாது. நேரா சந்திப்பைத் தாண்டி, அந்தப் பக்கம் தரையில வெள்ளைக் கோட்டுல வரைஞ்ச கட்டத்துல நின்னு, வண்டியைத் திருப்பி, அடுத்த பச்சைக்குப் போகணும். ஸ்கூட்டர்காரங்க நிக்கிறதைப் பார்த்து கூடவே நில்லுங்க. சிவப்புல வலதுபக்கம் திரும்பறதும் குற்றம், நம்ம ஊர் ஃப்ரீ லெஃப்ட் நினைப்பு வரக் கூடாது. சாலை ஓரத்துல ஸ்கூட்டருக்கும் சைக்கிளுக்கும் பொதுவா ஒரு தடம் இருக்கும், அதுதான் உங்க இடம். மழையில அந்தத் தடத்தோட வெள்ளைப் பூச்சு சோப்பு போட்ட மாதிரி வழுக்கும். பாலத்து இரும்பு இணைப்பைச் சாய்வாத் தாண்டாதீங்க, நேர் குறுக்கா தாண்டுங்க.

சுரங்கத்துல பின் விளக்கு கட்டாயம் எரியணும். குளிர்க்கண்ணாடியை நுழையறதுக்கு முன்னாடியே கழட்டிடுங்க.

கடலோரன் | 14 நவம்பர் 2024, இரவு 8:25

சாப்பாடு? அசைவம் தொட மாட்டோம், முட்டையும் வேண்டாம்.

கிழக்குமலை | 15 நவம்பர் 2024, காலை 7:30

பட்டினி இருக்காது. பௌத்த மரபால சைவக் கடைகள் நிறைய, ஹுவாலியன்லயும் தைதுங்லயும் தட்டுல எடுத்து எடை போட்டுக் காசு கொடுக்கிற சைவ உணவகம் உண்டு. "சூ-ஷி"ன்னு கேளுங்க. பல கடைகள் மதியம் 1:30க்கு அடுப்பை அணைச்சிடும். பாக்கெட் உணவுல சைவம்னு போட்டா அது முழுச் சைவமா, முட்டை சேர்த்ததா, பால் சேர்த்ததா, ரெண்டும் சேர்த்ததா, வெங்காயம் பூண்டு வகை சேர்த்ததான்னு அஞ்சு வகையில எதுன்னு அச்சடிக்கணும்னு அங்க விதி. போன்ல கேமரா மொழிபெயர்ப்பைத் திறந்து அந்த ஒரு வரியைப் படிச்சாப் போதும்.

கடற்கரைச் சாலையில அந்த வசதி குறையும். ஃபெங்பின், சாங்பின், செங்கோங், டூலான் ஊர்கள்ல 24 மணி நேரச் சின்னக் கடைகள்: சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வாழைப்பழம், சோயாப் பால், வேர்க்கடலை. சூப்ல மிதக்கிறது எதையும் நம்பாதீங்க, கொதிக்கிற சாறே மீன்ல செஞ்சது. ஷுயிலியன்ல இருந்து ஃபெங்பின் வரை கடை அரிது, மலையும் அங்கதான். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணியும் ரெண்டு வேளைத் தீனியும் ஹுவாலியன்லயே ஏத்திக்குங்க. வழியில போலீஸ் நிலையங்கள்ல சைக்கிள்காரங்களுக்குத் தண்ணி, காத்துப் பம்பு, கழிவறை கொடுக்கிறாங்க. தயங்காம நுழையலாம்.

அவசரத்துக்குப் போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119.

கடலோரன் | 22 பிப்ரவரி 2025, காலை 7:00

11-34 கேசட், ஜிஎஸ் டிரெய்லர், புதுச் செயின் போட்டாச்சு. பெரிய பல்லுக்குப் போனா மட்டும் கரகரன்னு சத்தம், மிதியில அதிர்வு தெரியுது. கேபிளை இறுக்கினாலும் தளர்த்தினாலும் மாறலை.

ஃப்ரீவீல் | 22 பிப்ரவரி 2025, காலை 9:12

கேபிள் இல்லை ப்ரோ. டிரெய்லரோட மேல் உருளை 34 பல்லோட உரசுது. ஹேங்கர் பக்கத்துல பின்னாடி தனியா ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், பி-டென்ஷன்னு சொல்வாங்க. முன்னாடி 34, பின்னாடி 34ல போட்டு, பெடலைப் பின்பக்கமா சுத்திக்கிட்டே அந்த ஸ்க்ரூவை உள்ள முறுக்குங்க. உருளைக்கும் பல்லுக்கும் நடுவுல 5, 6 மில்லிமீட்டர் தெரிஞ்சதும் நிறுத்துங்க. ரொம்ப விலக்கினா சின்னப் பல்லுங்கள்ல மாத்தறது மந்தமாகும்.

அதுக்கப்புறமும் சத்தம் இருந்தா வண்டிக்குப் பின்னாடி உட்கார்ந்து பாருங்க. ரெண்டு உருளையும் பல்லும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும். கூண்டு ஸ்போக் பக்கமா சாஞ்சிருந்தா ஹேங்கர் வளைஞ்சிருக்கு. அதை நிமிர்த்தாம ஏற்றத்துல கடைசி கியர் போட்டா டிரெய்லர் ஸ்போக்குக்குள்ள போகும், பயணம் அங்கேயே முடியும். உங்க ஃபிரேமுக்கான ஹேங்கர் ஒண்ணு கூடுதலா வாங்கி வைங்க. மாடலுக்கு மாடல் வேற, வெளியூர்ல தேடினா கிடைக்காது. 30 கிராம் எடை.

தாம்பரம்_தடம் | 23 பிப்ரவரி 2025, மாலை 5:50

பயிற்சிக்கு ஈசிஆர் தூரம் மட்டும் பத்தாது. பரங்கிமலையில சுமையோட ஏறி இறங்குங்க. அது 90 மீட்டர்தான், ஆனா செங்குத்து. ஆறு ஏழு முறை ஏறினா ஒரு நல்ல மலையேற்றத்துக்குச் சமம். அதைவிட முக்கியம் இறக்கத்துல பிரேக் பழகறது. மாசம் ஒருமுறை ரயில்ல ஜோலார்பேட்டை போய் ஏலகிரியோட 14 கொண்டை ஊசி. பானியர் இல்லாம போய்ப் பிரயோஜனம் இல்லை, 12 கிலோவுக்கு அரிசி மூட்டையாவது வைங்க.

எதிர்காத்துக்குப் பயிற்சி ஈசிஆர்லயே இருக்கு. கோடையில மதியத்துக்கு மேல கடற்காத்து ஏறினதும் தெற்கே திரும்புங்க.

கடலோரன் | 24 பிப்ரவரி 2025, காலை 6:30

சத்தம் போச்சு, உருளைதான். தைதுங்ல நிறுத்தாம தெற்கே ஷோகா கணவாய் வரைக்கும் ஓட்டலாமான்னு யோசனை வருது.

கிழக்குமலை | 24 பிப்ரவரி 2025, இரவு 8:00

இன்னும் ரெண்டு நாள் இருந்தா தாராளமா. தைதுங்ல இருந்து தைமாலி, ஜின்லுன், தாவூ வரை 9ஆம் சாலை கடலோரம், லாரி அதிகம், ஆனா ஓரத்தடம் அகலம், ரயிலும் பக்கத்துலயே வரும். அன்ஷுவோல இருந்து ஷோகா ஏறக்குறைய 11 கி.மீ., உயரம் 460 மீட்டர் அளவு, சராசரி 4 சதவீதம். 2019 டிசம்பர்ல திறந்த புதுச் சுரங்கத்துக்குள்ள லாரி, கார் எல்லாம் போயிட்டதால பழைய மலைச்சாலை சைக்கிளுக்கே விட்ட மாதிரி ஆயிடுச்சு. சுரங்கத்துல சைக்கிளுக்குத் தடை, பிரிவுல பலகையைப் பார்த்துப் பழைய சாலையைப் பிடிங்க. காட்டுக்கு நடுவுல, வண்டிச் சத்தமே இல்லாத ஏற்றம். இந்தத் தீவுல சைக்கிளுக்குக் கிடைக்கிற நல்ல 11 கிலோமீட்டர்கள்ல அதுவும் ஒண்ணு.

ஃப்ரீவீல் | 25 பிப்ரவரி 2025, காலை 10:30

ஏற்றம் சரி, இறக்கத்தையும் சொல்லணும். 95 கிலோ 460 மீட்டர் கீழ வரும்போது 4.29 லட்சம் ஜூல். கொஞ்சம் காத்து வாங்கிக்கும், மிச்சம் ரோட்டர்லதான் சூடா இறங்கணும். விடாம லேசா பிடிச்சுக்கிட்டே வந்தா ரெசின் பேட் (ரோட்டரைப் பிடிக்கிற பிரேக் கட்டை) கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆகிடும், அப்புறம் கத்தும், பிடிக்காது. வளைவுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடிச்சு வேகத்தைக் குறைங்க, முழுசா விடுங்க, ஆற விடுங்க.

கேபிள் டிஸ்க்ல பெரும்பாலும் வெளிப் பேட் மட்டும்தான் நகரும். உள் பேட் தேயத் தேய ரோட்டர் அந்தப் பக்கம் வளைஞ்சு போய்த் தொடும், லீவர் ஹேண்டிலைத் தொடற அளவு வரும். தினமும் காலையில உள்பக்கத் திருகை ரோட்டரைத் தொடற வரை முறுக்கி, ரெண்டு சொடுக்கு பின்னாடி விடுங்க. பேட் பொருள் அரை மில்லிமீட்டருக்கு வந்தா மாத்திடணும். மழையும் மணலும் சேர்ந்தா ரெசின் பேட் ரெண்டு நாள்லயே அந்த அளவுக்கு வரலாம், அதனால ரெண்டு ஜோடி எடுத்துக்குங்க. மெட்டல் பேட் போடறதா இருந்தா முதல்ல ரோட்டர்ல "ரெசின் மட்டும்"னு அச்சாகியிருக்கான்னு பாருங்க. அப்படி இருந்தா போடக் கூடாது.

12 கிலோவும் பின்னாடிங்கிறதும் எனக்குப் பிடிக்கலை. பின் சக்கரத்துல 28 ஸ்போக்னா செயின் பக்கத்து ஸ்போக் போகும். கனமான சாமானை, அதாவது கருவி, பூட்டு, சார்ஜர் எல்லாத்தையும் ஹேண்டில் பைக்கு மாத்தி, பின்னாடி 8 கிலோவுக்குள்ள வைங்க. காத்து பின்னாடி 65, முன்னாடி 55 பிஎஸ்ஐ.

கிழக்குமலை | 24 செப்டம்பர் 2025, காலை 6:20

கிளம்பறவங்க கவனத்துக்கு. நேத்து ரகாசா புயல் மழையில மதாய்ஆன் ஓடையோட மேல்பகுதியில சரிவால உண்டான தடுப்பு ஏரி பொங்கி, வெள்ளம் குவாங்ஃபூ ஊருக்குள்ள பாஞ்சிருக்கு. உயிர்ச்சேதம் இருக்கு. 9ஆம் சாலையில மதாய்ஆன் பாலம் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. இந்தத் தண்ணி ஹுவாலியன் ஆத்துல சேர்ந்து பள்ளத்தாக்கு வழியா வடக்கே போறது, 11ஆம் சாலைக்கும் அதுக்கும் நடுவுல கரையோர மலை நிக்குது. ஆனா போன வருஷம் நான் எழுதின முதல் தாண்டு வழி, ஃபெங்பின் – குவாங்ஃபூ, நேரா அந்த ஊர்லதான் இறங்குது. அதை இப்போதைக்குப் பட்டியல்ல இருந்து எடுத்துடுங்க. அந்த மக்கள் சேறு வாரிக்கிட்டு இருக்கிற தெருவுல சைக்கிள்ல போய் நிக்கவும் வேண்டாம். முதல் நாள் பாதியில சிக்கினா ஹுவாலியனுக்கே திரும்புங்க, ஜிங்பூ தாண்டினா ருயிஸுவே.

கடலோரன் | 18 அக்டோபர் 2025, இரவு 9:15

நவம்பர் 12 கிளம்பறோம். குவாங்ஃபூ வழியை எடுத்தாச்சு. விசா சென்னையில இருக்கிற தைபே பொருளாதார, பண்பாட்டு மையத்துலயே வாங்கியாச்சு. விமானம் சிங்கப்பூர் வழியா. பெட்டி கட்டறதுல என்ன பார்க்கணும்?

ஃப்ரீவீல் | 18 அக்டோபர் 2025, இரவு 11:00

இன்னிக்கே சீட் போஸ்டைக் கழட்டிப் பாருங்க, கிளம்பற அன்னிக்கு இல்லை. வியர்வையும் ஈசிஆர் உப்புக் காத்தும் உள்ள இறங்கி, அலுமினியம் போஸ்ட் அலுமினிய ஃபிரேம்ல வெள்ளைப் பொடியாப் பூத்துப் பிடிச்சிருக்கும். சென்னை வண்டிகள்ல இது சாதாரணம். வரலைன்னா ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைங்க. வந்ததும் உள்பக்கம் துடைச்சு கிரீஸ் தடவிப் போடுங்க, கார்பன் போஸ்ட்டா இருந்தா கிரீஸ் வேண்டாம், கார்பன் பேஸ்ட். உயரத்துக்கு டேப் ஒட்டிக்குங்க. பெடலும் அப்படியே: இடது பெடல் மறை எதிர்ப்பக்கம், பின்சக்கரம் இருக்கிற பக்கமா சுத்தினா ரெண்டு பெடலும் கழலும்.

பெட்டியில டிரெய்லரை ஹேங்கர்ல இருந்து கழட்டி, துணி சுத்தி, ஃபிரேமுக்கு உள்பக்கம் கட்டிடுங்க. ரோட்டர் ரெண்டையும் கழட்டி அட்டைக்கு நடுவுல வெச்சு எடுத்துட்டுப் போனா வளையற பேச்சே இல்லை. விளக்கு பேட்டரி, பவர் பேங்க் கைப்பையில. காத்து சிலிண்டர் வேண்டாம், கைப்பம்பு போதும். பெட்டியை ஹுவாலியன் விடுதியில வைக்க முன்கூட்டியே கேளுங்க. கடைவழிப் பார்சல்ல அந்த அளவுப் பெட்டி போகாது, அதனால தைதுங்ல இருந்து ரயில்ல திரும்பி வந்து எடுத்துக்கிறதுதான் வழி.

கிழக்குமலை | 19 அக்டோபர் 2025, காலை 6:45

தினமும் ராத்திரி ரெண்டு பக்கம் பாருங்க: மத்திய வானிலை நிர்வாகத்தோட எச்சரிக்கை, நெடுஞ்சாலைத் துறையோட சாலை நிலவரம். புயலுக்குக் கடல் எச்சரிக்கை முதல்ல வரும், தரை எச்சரிக்கை அப்புறம். கடல் எச்சரிக்கை வந்த அன்னிக்கே ரயில் இருக்கிற ஊருக்குப் போயிடுங்க. தரை எச்சரிக்கை வந்தப்புறம் ரயிலும் நிக்கலாம்.

கடலோரன் | 19 அக்டோபர் 2025, காலை 8:05

சீட் போஸ்ட் பிடிச்சுத்தான் இருக்கு, எண்ணெய் விட்டிருக்கேன். ரோட்டரைத் திரும்ப மாட்டினதும் உரசினா?

ஃப்ரீவீல் | 19 அக்டோபர் 2025, காலை 8:40

முதல்ல சக்கரம் ஃபோர்க்குல முழுசா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க, வண்டி தரையில நிக்கும்போது ஆக்ஸிலை இறுக்குங்க. பாதி உரசல் அதுலயே போயிடும். மிச்சம் இருந்தா காலிப்பரோட (பேட் உட்கார்ற பிரேக் பாகம்) ரெண்டு போல்ட்டையும் 5 எம்எம் ஆலன்ல அரைச் சுற்று தளர்த்தி, லீவரை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே ரெண்டையும் மாத்தி மாத்தி முறுக்குங்க, 6ல இருந்து 8 நியூட்டன் மீட்டர். அப்புறம் உள் பேட் திருகு ரெண்டு சொடுக்கு பின்னாடி. ஒரே இடத்துல மட்டும் ஒரு சுத்துக்கு ஒருமுறை "சிர்"னு கேட்டா ரோட்டர்தான் வளைஞ்சிருக்கு. அந்த இடத்துல பேனாவால கோடு போட்டு, சுத்தமான துணியால பிடிச்சு எதிர்ப்பக்கமா லேசா அழுத்துங்க. வெறுங்கை வேண்டாம், விரல் எண்ணெய் பட்டா பேட் பிடிக்காது.

எண்ணெய் ஊறினதும் போஸ்டை மேல இழுக்காதீங்க. சீட்டைப் பிடிச்சு இடம் வலமா திருப்புங்க, ஒரு டக்குன்னு விடும். அதுக்கப்புறம் இழுங்க.

கடலோரன் | 20 அக்டோபர் 2025, காலை 6:15

விட்டுடுச்சு. கிரீஸ் போட்டு டேப் ஒட்டியாச்சு.